மலைப்பகுதிக்கான விமான வரைபடங்களைத் தேடி எடுப்பதும் சரிபார்ப்பதும்: தொடக்கநிலை வழிகாட்டி

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் பைலட் பயிற்சிக்குத் தயாராகும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "சார், லடாக், அருணாசலப் பிரதேசம், நேபாளம் போன்ற இடங்களுக்கு நம்பகமான விமான வரைபடம் எங்கே கிடைக்கும்?" வீட்டில் சிமுலேட்டரில் பறப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை நம் தரை எங்குமே நூறு மீட்டர் உயரத்தைத் தொடுவதில்லை. திருச்சி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 288 அடி. லே விமான நிலையமோ 10,682 அடி. சுற்றியுள்ள முகடுகள் அதற்கும் பல ஆயிரம் அடி மேலே நிற்கின்றன. சமவெளியில் வளர்ந்த நாம் வரைபடத்தில் சாலையையும் ஆற்றையும் பார்த்துப் பழகியவர்கள். உயர எண் பக்கம் நம் கண் எளிதில் போகாது. மலையில் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் ஒற்றை வரைபடம் எங்கும் கிடையாது. இன்றைய வான்வெளி விதிகளுக்கு ஒன்று, நிலத்தின் வடிவத்துக்கு ஒன்று, உயரத்தைச் சரிபார்க்க ஒன்று என மூன்றையும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றிலும் முதலில் படிக்க வேண்டியது ஓரக்குறிப்பு. நான்கெல்லை பார்க்காமல் யாரும் நிலம் வாங்குவதில்லை, அதுபோலத்தான் இதுவும். எந்த ஆண்டுத் தகவல், உயரம் அடியிலா மீட்டரிலா, எந்த டேட்டம் (இடங்களைக் குறிக்க அடிப்படையாகக் கொண்ட அளவு முறை), எந்த வரைபட எறிவு (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளுக்கு மாற்றிய முறை) ஆகிய நான்கும் தெரியாத தாளைத் திறக்கவே வேண்டாம்.

உண்மையான விமானத்தில் ஏறுபவர்களுக்கு நடப்பிலுள்ள அதிகாரபூர்வ வெளியீடும் பயிற்றுநரின் சொல்லுமே முடிவு. கீழே வரும் பழைய வரைபடங்கள் நிலத்தைப் படித்து மனத்தில் ஏற்றிக்கொள்வதற்கு மட்டும்.

படி 1: ஏஐபி

இந்திய விமான நிலைய ஆணையத்தின் இணையதளத்தில் ஏஐபி எனப்படும் வானூர்தித் தகவல் வெளியீடு இலவசமாகக் கிடைக்கிறது. வான்வெளி எல்லைகள், விமான நிலைய வரைபடங்கள், தரையிறங்கும் முறைகள், ரேடியோ அலைவரிசைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. உலகெங்கும் இத்தகைய தகவல்களைப் புதுப்பிப்பதற்கான சுழற்சி 28 நாள். ஆகவே ஒருமுறை அச்சிட்டுக் கோப்பில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். நேபாளத்துக்கும் பூடானுக்கும் அந்தந்த நாட்டு அமைப்பின் வெளியீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

தரையிறங்கும் முறைக்கான வரைபடங்களில் 25 கடல் மைல் ஆரமுள்ள ஒரு வட்டமும் அதற்குள் உயர எண்களும் இருக்கும். அந்தப் பகுதியின் மிக உயர்ந்த இடத்துக்கு மேல் குறைந்தது 1,000 அடி இடைவெளி விட்டுக் கணக்கிட்டவை அவை. மலை நிலையம் எதுவானாலும் நான் முதலில் திறப்பது இந்த வட்டத்தைத்தான்.

படி 2: பழைய ராணுவ விமான வரைபடங்கள்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு காலத்தில் உலகம் முழுவதற்கும் இரண்டு வரிசைகளை வெளியிட்டது. ஓஎன்சி வரிசையின் அளவை பத்து லட்சத்துக்கு ஒன்று. டிபிசி வரிசையின் அளவை ஐந்து லட்சத்துக்கு ஒன்று. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பெரி-காஸ்டனெடா நூலக வரைபடத் தொகுப்பில் இவற்றில் ஏராளமான தாள்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அட்டவணை வரைபடத்தில் உங்களுக்கு வேண்டிய கட்டத்தைப் பார்த்து, அந்த எண்ணுள்ள தாளை இறக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டில் எனக்குப் பிடித்தது டிபிசி. பள்ளத்தாக்கு எங்கே வளைகிறது, எந்தக் கிளை முட்டுச்சந்தாக முடிகிறது என்பதை ஓஎன்சி தாளில் பிரித்தறிவது கடினம்.

இந்தத் தாள்களில் முகடு, பள்ளத்தாக்கு, ஆறு, கணவாய் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அலைவரிசை, வான்வழி, காந்த விலக்கம் (திசைகாட்டியின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணம்) மூன்றையும் விட்டுவிடுங்கள். பல பத்தாண்டு பழைய தகவல்கள் அவை. இமயத்தின் சில பகுதிகளில் சமவுயரக் கோடுகள் திடீரென நின்று, நில உயரத் தகவல் முழுமையாக இல்லை என்ற அச்சடித்த எச்சரிக்கை இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தாளிலேயே மதிப்புமிக்க வரி அதுதான். தெரியாததைத் தெரியாது என்று எழுதிய வரைபடத்தை நம்பலாம்.

படி 3: கட்டத்துக்குள் இருக்கும் பெரிய எண்

ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு பெரிய எண்ணும் அதன் தோளில் ஒரு சிறிய எண்ணும் இருக்கும். பெரியது 19, சிறியது 7 என்றால் 19,700 அடி. கட்டத்துக்குள் உள்ள மிக உயர்ந்த நிலத்தையோ தடையையோ வைத்துக் கணக்கிட்ட, எம்இஎஃப் எனப்படும் அதிகபட்ச உயர எண் இது. இதைப் பாதுகாப்பான பறக்கும் உயரம் என்று எடுத்துக்கொள்வது மிகவும் ஆபத்து.

நமக்கு அருகிலுள்ள தொட்டபெட்டாவை வைத்துக் கணக்குப் போடுவோம். உயரம் 2,637 மீட்டர், அதாவது 8,652 அடி. அமெரிக்க முறைப்படி, இயற்கை நிலமானால் அளவுப் பிழைக்கு 100 அடியும் மரம், சிறு கோபுரம் போன்றவற்றுக்கு 200 அடியும் கூட்டி, அடுத்த நூறுக்கு உயர்த்துவார்கள். 8,952 வரும், எம்இஎஃப் 9,000 ஆகும். சிகரத்துக்கு மேல் கிடைத்த இடைவெளி வெறும் 348 அடி. கருவிகளை நம்பிப் பறக்கும்போது மலைப்பகுதியில் சர்வதேச விதி கேட்பது, விமானத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் 2,000 அடி. அப்படியானால் 10,652 அடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டில் எழுதிப் பாருங்கள்.

படி 4: ஸ்கேன் செய்த தாளைப் பூமியோடு பொருத்துதல்

பலர் நின்றுவிடும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போகலாம். வரைபடங்களைத் திறந்து அளக்க உதவும் மென்பொருள் க்யூஜிஐஎஸ். இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். கூகுள் எர்த் பார்ப்பதற்கு அழகு, ஆனால் அளந்து சரிபார்க்கும் வேலைக்கு நான் க்யூஜிஐஎஸ்ஸைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

லேயர் மெனுவில் படத்தைப் பூமியோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சர் இருக்கிறது (பழைய பதிப்புகளில் ராஸ்டர் மெனுவில்). படத்தைத் திறந்து, அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டும் புள்ளியை நன்றாகப் பெரிதாக்கிக் கிளிக் செய்து, அதன் எண்களைக் கொடுக்க வேண்டும். எக்ஸ் கட்டத்தில் தீர்க்கரேகை, ஒய் கட்டத்தில் அட்சரேகை. மாற்றிப் போட்டால் லடாக் ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். நான்கு மூலைகளை மட்டும் கொடுத்துவிட்டு, மூலை சரியாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டு விடுகிறோம். இந்தத் தாள்கள் லாம்பர்ட் கூம்பு எறிவில் வரையப்பட்டவை. அட்சரேகைகள் நேர்கோடாக இல்லாமல் லேசாக வளைந்து போகும். மூலைகளில் பொருந்திய தாள் நடுவில் விலகியிருக்கும். மலையில் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு மாற அந்த விலகல் போதும். அதனால் தாள் முழுவதும் பரவலாக இருபது, முப்பது வெட்டுப் புள்ளிகளைக் கொடுங்கள். மாற்று முறையில் 'தின் பிளேட் ஸ்ப்லைன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த முறை நீங்கள் கொடுத்த எல்லாப் புள்ளிகள் வழியாகவும் வரைபடத்தை வளைத்துவிடும். ஆகவே பிழைப் பட்டியலில் ஏறத்தாழ பூஜ்யமே காட்டும். தவறான எண் கொடுத்திருந்தாலும் பூஜ்யம்தான். நான்கைந்து வெட்டுப் புள்ளிகளைக் கொடுக்காமல் ஒதுக்கி வைத்து, வேலை முடிந்தபின் அவை சரியான இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். உண்மையான சோதனை அது ஒன்றே.

டேட்டம் பற்றி: டிபிசி தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். அங்கே டேட்டம் பிழையைவிட எறிவுப் பிழையே பெரிது. இந்திய சர்வே துறையின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவைத் தாளில் ஒரு மில்லிமீட்டர் 50 மீட்டர்தான். அங்கே பழைய எவரெஸ்ட் டேட்டத்துக்கும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-க்கும் உள்ள நூறு மீட்டருக்கும் மேற்பட்ட விலகல் தெளிவாகத் தெரியும். 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வரும் திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-இல்தான் இருக்கின்றன.

அந்த எவரெஸ்ட் டேட்டத்துக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. 1802-இல் சென்னையில் தொடங்கிய வில்லியம் லாம்டனின் நில அளவைக்கு, தென்னையும் பனையும் மறைக்கும் இந்தச் சமவெளியில் குறிபார்க்க மேடு கிடைக்கவில்லை. கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் கருவி கயிறு அறுந்து மோதிச் சேதமடைந்தது. அவரே அதைச் சீர்செய்து வேலையைத் தொடர்ந்தார். அவர் தொடங்கிய அளவைதான் பின்னர் இமயம் வரை நீண்டது, எவரெஸ்ட் டேட்டமும் அதிலிருந்து பிறந்ததே.

படி 5: செயற்கைக்கோள் உயரத் தரவு

எஸ்ஆர்டிஎம் எனப்படும் நில உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் மூலம் அளந்தது. செங்குத்தான பள்ளத்தாக்குகளில் ரேடார் நிழல் விழுந்து ஓட்டைகள் உண்டு. அதைவிட ஐரோப்பாவின் கோபர்னிகஸ் திட்டம் தரும் 30 மீட்டர் தரவே (30 மீட்டருக்கு ஒரு உயரப் புள்ளி) மலைப்பகுதிக்குச் சிறந்தது என்பது என் முடிவு. ஓபன்டோபோகிராஃபி தளத்தில் இரண்டும் கிடைக்கும். எண்கள் மீட்டரில் இருக்கும். க்யூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் 3.28084-ஆல் பெருக்கி அடியாக்குங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள அதிகபட்ச உயரத்தை எடுத்து, டிபிசி எண்ணோடு ஒப்பிடுங்கள்.

தாளின் எண் அதிகமாக இருப்பது இயல்பு. தரவின் எண் தாளைவிட அதிகமாக இருந்தால், காரணம் தெரியும்வரை பெரிய எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் தரவில் கூர்மையான சிகரங்கள் சற்று மழுங்கி, உண்மையைவிடத் தாழ்வாகவே வரும். பள்ளத்தாக்கின் குறுக்கே போகும் மின்கம்பிகளும் ரோப்வே கம்பிகளும் எந்தத் தரவிலும் தெரியாது.

பின்சேர்க்கை 1: மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டும் திருவாரூர் வாசகர் ஒருவர், ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் மட்டும் போதாதா என்று கேட்டிருந்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்கள் அனுமதியைச் சொல்பவை. நில உயரத்தை அவை சொல்வதில்லை. வயலில் பெரிய பாதிப்பில்லை, மலைச்சரிவில் கட்டாயம் படி 5 வேண்டும்.

பின்சேர்க்கை 2: நாகப்பட்டினம் கடற்கரையில் நின்று சோதித்தபோது கைப்பேசிச் செயலி உயரத்தை ஏறத்தாழ மைனஸ் 90 மீட்டர் என்று காட்டியதாக ஒருவர் எழுதியிருந்தார். கருவி பழுதில்லை. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கணித நீள்வட்டத்திலிருந்து. வரைபடம் சொல்வது கடல் மட்டத்திலிருந்து. தென்னிந்தியாவில் கடல் மட்டம் அந்த நீள்வட்டத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே இருக்கிறது. இந்த வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். இமயத்தில் இவ்வளவு இராது. ஆகவே நாகப்பட்டினத்தில் பார்த்த 90-ஐ எல்லா இடத்திலும் கூட்டிக்கொள்ளக் கூடாது. செயலியின் அமைப்பில் ஜியாய்டு திருத்தம் அல்லது சராசரிக் கடல் மட்டம் என்ற தெரிவு இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாத செயலியை உயரம் பார்க்கப் பயன்படுத்தாதீர்கள்.