பல்லுறுப்புக் கோவையிலிருந்து மீப்பெரு பொதுக் காரணியை வெளியே எடுத்தல்

5(7 + 3) என்பதை 5×7 + 5×3 என்று விரித்து எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பாடத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். அதே பங்கீட்டுப் பண்பைப் பின்னோக்கி நடத்தி, எல்லா உறுப்புகளிலும் இருக்கும் காரணியை அடைப்புக்குறிக்கு வெளியே கொண்டுவருவதுதான் நாம் செய்யப்போவது. மாறிகளை க, ச என்று குறித்துக்கொண்டு, பின்வரும் கோவையை எடுத்துக்கொள்வோம்.

24க³ச² − 36க²ச³ + 12க²ச

படி 1: கெழுக்கள். குறிகளை இப்போதைக்கு விட்டுவிட்டு 24, 36, 12 ஆகிய எண்களைப் பாருங்கள். மூன்றையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் 12.

படி 2: மாறிகள். எல்லா உறுப்புகளிலும் உள்ள மாறியை மட்டும், அதன் மிகச் சிறிய அடுக்குடன் எடுக்க வேண்டும். க-வின் அடுக்குகள் 3, 2, 2 என்பதால் க². ச-வின் அடுக்குகள் 2, 3, 1 என்பதால் ச. 'மீப்பெரு' என்ற சொல்லைப் பார்த்துப் பெரிய அடுக்கை எடுப்பவர்கள் உண்டு. ஆனால் க²-க்குள் க³ அடங்காது என்பதை நினைத்தாலே குழப்பம் தீர்ந்துவிடும். ஆகவே, மீப்பெரு பொதுக் காரணி 12க²ச.

படி 3: வகுத்தல். ஒவ்வோர் உறுப்பையும் 12க²ச-வால் வகுத்தால் முறையே 2கச, −3ச², 1 ஆகியவை கிடைக்கின்றன.

12க²ச(2கச − 3ச² + 1)

கடைசியில் நிற்கும் அந்த 1-இல்தான் தொடக்கநிலை மாணவர்கள் அதிகம் தவறுகிறார்கள். உறுப்பு முழுவதும் வெளியே போய்விட்டதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று எண்ணி, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் ஈவு 1 தானே தவிர, சுழியம் அன்று. மூன்று உறுப்புகளுடன் தொடங்கினால் அடைப்புக்குறிக்குள்ளும் மூன்று உறுப்புகள் இருக்க வேண்டும்.

படி 4: சரிபார்த்தல். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். க = 2, ச = 1 என்று பிரதியிட்டால், மூலக் கோவை 192 − 144 + 48 = 96 ஆகிறது; நம் விடையும் 48 × (4 − 3 + 1) = 96 ஆகிறது. அந்த 1-ஐ விட்டிருந்தால் 48 மட்டுமே வந்திருக்கும். பிழை உடனே கண்ணில் பட்டிருக்கும்.

முதல் உறுப்பு குறை எண்ணாக இருந்தால், குறைக்குறியையும் சேர்த்து வெளியே எடுப்பது வழக்கம். அப்போது உள்ளே எல்லாக் குறிகளும் மாறும்: −15க⁴ + 10க³ − 5க² = −5க²(3க² − 2க + 1). சில வேளைகளில் பொதுக் காரணியே ஓர் அடைப்புக்குறியாகவும் அமையும்: 3க(ச − 4) + 7(ச − 4) = (ச − 4)(3க + 7).

இந்த முறை உண்மையில் கைகொடுப்பது சமன்பாடுகளில். 6க² = 15க என்று கொடுத்தால் இரு பக்கத்தையும் க-வால் வகுக்கவே கை போகும்; அப்படி வகுத்தால் ஒரு விடை காணாமல் போய்விடும். மாறாக, 6க² − 15க = 0 என்று ஒரே பக்கத்திற்குக் கொண்டுவந்து, 3க(2க − 5) = 0 என்று எழுதினால், க = 0, க = 5/2 என இரண்டு விடைகளும் கிடைக்கின்றன.