பிராட்பேண்ட் புரொவிஷனிங் சர்வர் நிறுவுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு ஃபைபர் இழுத்து இணையம் கொடுக்கும் வேலையில் இரண்டு தம்பிகள் புதிதாக இறங்கியிருக்கிறார்கள். போன வாரம் அவர்களுடைய புரொவிஷனிங் சர்வரை, அதாவது வாடிக்கையாளர் கணக்கைச் சரிபார்த்து இணைப்பைத் திறந்துவிடும் சர்வரைப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் நான் கட்டியது போலவே, அதே ஓட்டைகளோடு இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரேடியஸுக்கான (கணக்கைச் சரிபார்த்து, பயன்பாட்டைப் பதியும் முறை) 1812, 1813 போர்ட்டுகளைத் திறக்க மறப்பது, ரகசியச் சொல்லைத் தப்பாக அடிப்பது பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் மென்பொருளை டீபக்கில் ஓட்டினால் அவை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூடாமல் கிடக்கும் செஷன்கள்

ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு இணைப்புதான் என்று எல்லாரும் 'சைமல்டேனியஸ் யூஸ்' மதிப்பை 1 என வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். லயத்தில் அண்ணன் வீட்டுப் பாஸ்வேர்டைத் தம்பி வீட்டு மோடத்திலும் போட்டுக்கொள்வார்கள்.

ஆனால் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரா என்பதை ரேடியஸ் எங்கே பார்க்கிறது? டேட்டாபேஸின் அக்கவுண்டிங் அட்டவணையில். தொடங்கிய நேரம் பதிவாகி, முடிந்த நேரம் காலியாக இருந்தால் அவர் உள்ளே இருப்பதாகக் கணக்கு. முடிந்த நேரம் பதிவாக, எல்லா வீட்டு இணைப்புகளும் வந்து சேரும் பிராஸ் ரவுட்டர் 'ஸ்டாப்' செய்தி அனுப்ப வேண்டும். கரண்ட் போய் அந்த ரவுட்டரே அணைந்துவிட்டால் யார் அனுப்புவது?

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு எனக்கு இது நடந்தது. அந்த மாதங்களில் எங்கள் பக்கம் மாலை இடியும் மழையும் வழக்கம். அன்று டவுனே இருண்டுவிட்டது. முக்கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது, டிவி ஓடியது, இணையம் மட்டும் எந்த வீட்டிலும் வரவில்லை. முந்நூறு சொச்சம் வீடுகள். சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு பேசக் காத்திருந்த ஒரு பாட்டி போன் செய்து, "பில்லுதான் கட்டிட்டேனேய்யா, ஏன் வெட்டிட்டீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வீட்டு ஃபைபர்கள் வந்து சேரும் ஓஎல்டி கருவியை நிறுத்திப் போட்டேன், ஃபைபரைச் சோதித்தேன். நள்ளிரவு தாண்டித்தான் லாகைத் திறந்தேன். 'ஏற்கெனவே இணைந்திருக்கிறார்' என்று ஒவ்வொரு வீட்டையும் என் சர்வரே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

ரவுட்டர் மீண்டும் எழும்போது 'அக்கவுண்டிங் ஆன்' என்றொரு செய்தி அனுப்பினால், ரேடியஸ் அந்த ரவுட்டரின் பழைய செஷன்களை எல்லாம் மூடிவிடும். சில ரவுட்டர்கள் அதை அனுப்புவதில்லை. என்னுடையது அனுப்பியது. ஆனால் ரவுட்டர் எழுந்தபோது, திடீரென அணைந்த சர்வரில் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் இன்னும் தன்னைச் சரிசெய்துகொண்டிருந்தது. வந்த செய்தியை வாங்க ஆளில்லை.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தவறு. அவசரத்தில் திறந்திருந்த வரிகளை எல்லாம் அழித்தேன். இணையம் உடனே வந்தது. மாதக் கடைசியில், டேட்டா அளவு வைத்துக் கட்டணம் போடும் கணக்குகளுக்குச் சான்று இல்லை. வாதாட வழியில்லாமல் பல பில்களைத் தள்ளுபடி செய்தேன்.

எனவே வரிகளை அழிக்காதீர்கள், மூடுங்கள். செஷன் ஓடும்போதே ரவுட்டர் நடுநடுவே அனுப்பும் இன்டரிம் அப்டேட்டை 10 நிமிடத்துக்கு ஒருமுறை வரும்படி வையுங்கள். ரேடியஸ் பற்றிய ஆவணமான ஆர்எஃப்சி 2869, இந்த இடைவெளி 600 விநாடிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது என்கிறது. அரை மணி நேரமாக அப்டேட் வராத செஷனை, கடைசி அப்டேட் நேரத்தையே முடிந்த நேரமாக எழுதி மூடும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடட்டும். ரவுட்டர் அணைந்து எழுந்தது உறுதியானால் அந்த அரை மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். ரேட்கிளையண்ட் கருவியால் அதன் ஐபியைப் போட்டு 'அக்கவுண்டிங் ஆன்' செய்தியை நீங்களே அனுப்பலாம். சர்வர், ரவுட்டர் இரண்டையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். இரண்டும் அணைந்துவிட்டால் சர்வர் முழுதாக எழுந்த பிறகே ரவுட்டரைப் போடுங்கள்.

தம்பிகளின் அறையில் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். மறுபடி போட்டபோது இருபது சோதனைக் கணக்கில் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. முதல் வீட்டுக்கு ஒயர் இழுக்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

டிஆர்-069 போர்ட்

வீட்டு மோடங்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் 7547 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். 2016 நவம்பரில் அந்த வழியாக வந்த தாக்குதலில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீட்டு ரவுட்டர்கள் பாதிக்கப்பட்டன. நிர்வாகப் போக்குவரத்துக்குத் தனி விலான் (நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பாதை) ஒதுக்குங்கள். மோடங்களை நிர்வகிக்க ஜீனிஏசிஎஸ் மென்பொருள் போடுபவர்கள் 7557 போர்ட்டையும் மூடுங்கள். நிறுவிய நிலையில் அது பாஸ்வேர்ட் கேட்காது.

எம்டியு

எம்டியு என்பது ஒரு டேட்டா பொட்டலத்தின் அதிகபட்ச அளவு. வழக்கமான 1500 பைட்டில், வீட்டு மோடம் லாகின் செய்யும் முறையான பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்ளும். 1492 வையுங்கள். இல்லாவிட்டால் சில தளங்கள் மட்டும் திறக்காமல் பாதியில் நிற்கும், வாடிக்கையாளர் மோடத்தைக் குறை சொல்வார்.

நேரம்

சர்வருக்கும் ரவுட்டருக்கும் ஒரே என்டிபி (கடிகாரத்தைச் சரிசெய்யும் நேர சர்வர்) வையுங்கள்.

பேக்கப்

இன்றிரவே எடுங்கள். வேறு கட்டடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே இடியில் சர்வரும் பேக்கப்பும் போய்விடும்.