ஒரு டயர் மட்டும் தேய்ந்த ஸ்போர்ட்ஸ் கார்: எதை மாற்றுவது, எப்படி மாற்றுவது

நான்கில் ஒரு டயர் மட்டும், அதிலும் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் உடனே கழற்றி எறிந்துவிடாதீர்கள். காரில் என்ன கோளாறு என்பதற்கு அந்த டயரைவிட நல்ல சாட்சி கிடையாது. காரணத்தைப் பிடிக்காமல் புது டயரைப் போட்டால் அதுவும் சில ஆயிரம் கிலோமீற்றரில் அதே கதிக்கு வந்துவிடும்.

முதலில் அளவு

ஆழம் பார்க்கும் சின்னக் கேஜ் ஒன்று வாங்குங்கள். தேய்ந்த டயரில் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று குறுக்கே மூன்று இடத்திலும், அதையே சில்லைச் சுற்றி நான்கு இடத்திலும் அளந்து பன்னிரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். மற்ற மூன்று டயர்களிலும் குறுக்கே மூன்று இடம் போதும். புது ஸ்போர்ட்ஸ் டயரின் காடி, அதாவது ரப்பரில் வெட்டியிருக்கும் பள்ளம், 7 முதல் 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். காடிக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடு, மேற்பரப்போடு சமமாகிவிட்டால் மீதி 1.6 மில்லிமீற்றர்தான், அதோடு அந்த டயரின் கதை முடிந்தது. கொழும்பு மழைக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அகலமான டயர் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும்.

உள் ஓரத்தைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு. வெளியே நின்று பார்த்தால் டயர் புதிதுபோல இருக்கும், உள்ளே கம்பி தெரியும். முன் சில்லுக்கு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பின் சில்லுக்குக் கைத்தொலைபேசியை உள்ளே நீட்டி ஒரு படம் எடுங்கள்.

தேய்மானம் சொல்வது

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவு. ஒரு டயரில் மட்டும் அப்படியென்றால் மெல்லிய கசிவு: வால்வ், பழைய பஞ்சர் ஒட்டு, ரிம் விளிம்பில் துரு என்று சவர்க்காரத் தண்ணீர் தெளித்துத் தேடுங்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். சுற்றிவரக் குழிகுழியாக, திட்டுத் திட்டாக இருந்தால் ஷொக் அப்சோபர் செத்திருக்கும், அல்லது பேலன்ஸ் இல்லை. ஒரே ஒரு இடம் தட்டையாக இருந்தால் பிரேக் இறுகி சில்லு வழுக்கிய தடம். கையை டயரின் குறுக்கே ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பம் போலவும் இருந்தால் டோ பிழை.

டோ என்பது இரண்டு சில்லுகளும் மேலிருந்து பார்க்கும்போது உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கும்போது சில்லு சாய்ந்திருக்கும் அளவு. ‘கேம்பர்தான் டயரைத் தின்னுது’ என்று சொல்லாதவர் குறைவு. உண்மையில் டோ அதைவிடப் பெரிய தீனிக்காரன். ஒரு சில்லு ஓடும் திசையிலிருந்து 0.2 பாகை மட்டும் திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அந்த டயர் மூன்றரை மீற்றர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. யாழ்ப்பாணம் போய்ச் சேர சுமார் 400 கிலோமீற்றர்; அதற்குள் டயர் 1.4 கிலோமீற்றர் தூரம் தார் ரோட்டில் அரத்தில் உரசியதுபோல உரசியிருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முன் அச்சில் டோ பிழைத்தால், கார் நேரே ஓடும்போது ஸ்டியரிங் தானாக நடுவைத் தேடிப் பிழையை இரண்டு சில்லுக்கும் பங்கிட்டுவிடும். ஆகவே முன் டயர்கள் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தேயும். முன்னால் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் டோவைச் சந்தேகிக்காதீர்கள். வளைந்த ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் சேர்ந்த தூண்), வளைந்த ஆர்ம் (சில்லைக் காரோடு பிணைக்கும் கை), கிழிந்த லோவர் ஆர்ம் புஷ் (அந்தக் கையின் மூட்டிலுள்ள ரப்பர்), காற்றுக் கசிவு, விடாமல் இழுக்கும் பிரேக் கேலிப்பர் (பிரேக் கட்டையை அழுத்தும் கவ்வி) என்று போங்கள். பின்னால் நிலைமை வேறு. அங்கே பங்கிட ஸ்டியரிங் இல்லை. ஒரு சில்லின் டோ மட்டும் பிழைத்து அந்த ஒன்றையே தின்னலாம். அப்போது கார் நேரே போகும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கோணலாக நிற்கும்.

கொழும்பில் அடி வாங்குவது பெரும்பாலும் இடப்பக்கச் சில்லு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பள்ளமான மேன்ஹோல் மூடியும் வடிகான் ஓரமும் நடைபாதைக் கட்டும் அந்தப் பக்கம்தான். 45 அல்லது 40 சீரீஸ் டயரில், அதாவது சுவர் உயரம் அகலத்தில் 45 அல்லது 40 சதவீதமான டயரில், ரப்பர் சுவர் ஏறத்தாழ பத்து சென்ரிமீற்றர்தான். அடி நேரே ரிம்முக்கும் ஆர்முக்கும் போகிறது. 2020 இல் வாகன இறக்குமதி நின்றபிறகு பல வருடம் பழைய கார்களே கைமாறி ஓடியதால், இங்குள்ள பல ஸ்போர்ட்ஸ் கார்களில் புஷ்கள் தொழிற்சாலையில் போட்டவையே. அவற்றின் ரப்பர் வெடித்திருக்க நிறைய வாய்ப்பு.

சில்லைத் தூக்கியபிறகு மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்: ஆட்டம் இருந்தால் போல் ஜொயின்ட் அல்லது பெயரிங். இடமும் வலமும் ஆட்டினால் தெரிவது டை ரொட் எண்ட், அதாவது ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு. கையால் சுழற்றும்போது ஒன்று மட்டும் இறுக்கமாக நின்றால் கேலிப்பர் பிஸ்டன் ஒட்டியிருக்கிறது. இவற்றைத் திருத்தாமல் அலைன்மென்டுக்கு, அதாவது சில்லுகளின் டோ, கேம்பர் கோணங்களைச் சரிசெய்யப் போவது காசைக் கடலில் போடுவது. பாகத்துக்குக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பாவித்த ஆர்ம் எடுத்தால் அதன் புஷ்ஷும் பழசுதான். புஷ்ஷைப் புதிதாகப் போட்டே பொருத்துங்கள்.

ஒன்றா, இரண்டா, நான்கா?

215/45 ஆர்17 அளவை எடுத்துக்கொள்வோம்: அகலம் 215 மில்லிமீற்றர், சுவர் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். டயரின் விட்டம் 625 மில்லிமீற்றர், சுற்றளவு ஏறத்தாழ 1964 மில்லிமீற்றர். பக்கத்து டயர் 3 மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால் அதன் விட்டம் 6 மில்லிமீற்றர் குறைவு, சுற்றளவு 19 மில்லிமீற்றர் குறைவு. அதாவது நேர்ப் பாதையிலேயே ஒரு கிலோமீற்றருக்கு ஐந்து சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். ஒரே அச்சின் இரண்டு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டிதான் டிபரென்ஷல்; சாதாரணமானது இதைப் பொறுத்துக்கொள்ளும். அந்த வேக வித்தியாசத்தை அடக்கும் லிமிட்டட் ஸ்லிப் டிபரென்ஷல் அப்படியல்ல. அதற்கு இது முடிவில்லாத ஒரு வளைவு; கிளட்ச் வகையானால் தட்டுகள் தேயும், விஸ்கஸ் வகையானால் எண்ணெய் சூடேறும்.

எங்கள் கணக்கு இது. ஒரே அச்சிலுள்ள மற்ற டயருக்கும் புது டயருக்கும் வித்தியாசம் 1.5 மில்லிமீற்றருக்குள் என்றால், இரு சில்லு இழுவைக் காரில் ஒன்று மட்டும் மாற்றலாம். அதற்கு மேலென்றால் அந்த அச்சுக்கு இரண்டு. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், லான்சர் எவலூஷன் போன்ற நான்கு சில்லு இழுவைக் கார்களுக்கு இன்னும் இறுக்கம்: சுபாரு கேட்பது நான்கு டயர்களின் சுற்றளவும் 6.4 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது. காடி ஆழத்தில் அது வெறும் 1 மில்லிமீற்றர். முன், பின் அச்சுகளுக்கு நடுவிலுள்ள டிபரென்ஷலின் விலையோடு ஒப்பிட்டால் நான்கு டயர் மலிவு.

இரண்டு மாற்றுவதானால், நான்கும் ஒரே அளவாக இருந்தால் புதியவை பின்னால் போகட்டும், முன் சில்லு இழுவையானாலும். ஈர ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும். நிசான் 350இசட் போல முன்னும் பின்னும் வேறு அளவான கார்களில் இந்தத் தெரிவே இல்லை.

டயரை வாங்குதல்

ஒன்று மட்டும் வாங்கும்போது அளவு பொருந்தினால் போதாது. அதே அச்சிலுள்ள மற்ற டயரின் கம்பனி, மொடல், கோலம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே கம்பனியின் இரண்டு மொடல்கள் ஈரத்தில் இரண்டு விதமாகப் பிடிக்கும். பிரேக்கை அழுத்தும்போது கார் ஒரு பக்கம் இழுப்பதில் அது தெரியவரும். அதே மொடல் கிடைக்காவிட்டால் இரண்டாக வாங்குங்கள், வேறு வழியில்லை. ரன்-பிளாட்டையும் (காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும் டயர்) சாதாரண டயரையும் கலக்கவே கூடாது.

பக்கச் சுவரில் 87டபிள்யூ என்று இருந்தால், 87 என்பது ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பது, டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீற்றர் வரை. அதிவேகப் பாதையிலேயே 100 தானே எல்லை என்று வேகத் தரம் குறைந்த எச் தர டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேகம் மட்டுமல்ல, சுவரின் விறைப்பும் வேறுபடும். ஒரு பக்கம் விறைப்பு, மறுபக்கம் தொளதொளப்பு என்றால் வளைவில் கார் நம்பிக்கை தராது.

தயாரித்த திகதி நான்கு இலக்கம். 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். அதிகம் ஓடாத அளவுகள் கடையில் நெடுநாள் கிடக்கும். மூன்று வருடத்துக்கு மேற்பட்டதை முழு விலைக்கு வாங்காதீர்கள். ஜப்பானில் பாவித்துக் கழித்த டயர்களில் காடி நிறைய இருக்கலாம், ரப்பர் நகம் பதியாத அளவு இறுகியிருக்கும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அது வேண்டாம்.

கழற்றுதல், மாட்டுதல்

சமதரையான கொங்கிறீற்றில் செய்யுங்கள். நட்டுகளை சில்லு தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தாழ்ந்த காருக்குத் தாழ்வான ட்ரொலி ஜாக், ஜாக் தலையில் ரப்பர் கட்டை, குறித்த இடத்தில் மட்டும். கதவுக்குக் கீழே ஓடும் அலங்காரப் பட்டியில் (சைட் ஸ்கேர்ட்) வைத்தால் உடையும். ஸ்டாண்ட் போடாமல் கீழே கையை நீட்டாதீர்கள்.

கடையில் லீவர் வைத்து நெம்பாத மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ரிம் விளிம்புக்குப் பிளாஸ்டிக் காப்பாவது போட வேண்டும். காற்றழுத்த சென்சர் வால்வோடு ஒட்டியிருக்கும். அது இருக்கிறது என்பதை மெஷினில் ஏற்றுமுன் சொல்லுங்கள், ஏற்றியபிறகு சொல்லிப் பயனில்லை. சென்சர் இல்லாத ரிம்முக்கு ரப்பர் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். விளிம்பு படியும் இடத்தில் உள்ள துருவைச் சுரண்டிய பிறகே டயர் ஏற வேண்டும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது இலேசான இடம். வால்வுக்கு நேரே வரட்டும். அவுட்சைட் என்று எழுதிய பக்கம் வெளியே. அம்பு இருந்தால் எந்தப் பக்கச் சில்லு என்று முதலே சொல்லுங்கள்.

பேலன்ஸுக்கு 60 கிராமுக்கு மேல் கேட்டால் ஈயத்தை ஒட்டிக்கொண்டே போகவிடாமல், டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் குறையாவிட்டால் ரிம் வளைந்திருக்கலாம்.

மாட்டுமுன் ஹப் முகத்தை, அதாவது ரிம் வந்து பதியும் இடத்தை, கம்பித் தூரிகையால் துடைக்கவும். கொழும்பின் கடலோர மெரின் டிரைவ் பக்கம் நிற்கும் கார்களில் உப்புக்காற்று அங்கே தடித்த துருப்படலம் வைத்திருக்கும். அதன் மேல் இறுக்கினால் முதலில் இறுகியதுபோலத் தெரியும், ஓட ஓடத் துரு நசிந்து நட்டு தளரும். மரைகளில் கிரீஸ் பூசாதீர்கள். அதே முறுக்குக்கு ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) அதிகமாக இழுபடும். ஹொண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை அடி நட்டு, வெளியில் வாங்கும் ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு அடி நட்டு. மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

நட்சத்திர வரிசையில் கையால் இறுக்கி, காரை இறக்கி, முறுக்கை அளந்து இறுக்கும் டோர்க் ரெஞ்சால் முடியுங்கள். டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டுக்கும் 120 நியூட்டன் மீற்றர். ஹொண்டா எஸ்2000, நிசான் 350இசட்டுக்கு 108. காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று அடித்து முடிக்கும் கடையில், கடைசி இறுக்கலை நானே செய்கிறேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள்.

காற்றை அதிகாலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஜப்பான் காரின் கதவோர ஸ்டிக்கரில் கிலோபாஸ்கலில்தான் இருக்கும்: 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 240 என்றால் 35.

அலைன்மென்ட்

நான்கு சில்லுக்கும் செய்யுங்கள். முன் இரண்டுக்கு மட்டும் செய்யும் இடத்தைத் தவிருங்கள். பின் அச்சை முதலில் நேராக்கினால்தான் முன்னச்சுக்கு அர்த்தம். திருத்துமுன் எடுத்த அளவையும் திருத்தியபின் எடுத்த அளவையும் அச்சிட்டு வாங்குங்கள். முதல் தாளில்தான் விடை இருக்கிறது: இட, வலக் கேம்பர் வித்தியாசம் அரைப் பாகைக்கு மேல் போனால் ஏதோ வளைந்திருக்கிறது. திரையில் எல்லாம் பச்சையாக வந்தால் போதும் என்று விடாதீர்கள். பச்சை எல்லை அகலம். இடம் ஒரு முனையிலும் வலம் மறு முனையிலும் நின்றாலும் பச்சைதான்.

மஸ்டா எம்எக்ஸ்-5 இல் நான்கு மூலையிலும் கேம்பரைத் திருத்தலாம். முதல் தலைமுறை டொயோட்டா 86 இல் முன் கேம்பருக்குத் தனி போல்ட் வாங்கிப் போட வேண்டும். பின்னால் டோ மட்டுமே திரும்பும். திருத்தும் போல்ட்கள் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து இறுகியிருப்பது இங்கே சாதாரணம். முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். இல்லாவிட்டால் ‘இது திரும்பாது’ என்ற பதிலோடு பழைய அளவிலேயே வெளியே வருவீர்கள். காரைத் தாழ்த்தியிருந்தால், உயரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் டோவும் மாறும்.

புது டயரின் மேற்பரப்பில் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுக்கும் படலம் இருக்கும். முதல் 200 கிலோமீற்றர், அதிலும் மழையில், வலப்பக்கப் பாதத்தை அடக்கி ஓட்டுங்கள். 2000 கிலோமீற்றர் ஆனதும் அதே கேஜை எடுத்துக் குறுக்கே மூன்று இடம் அளந்து பாருங்கள். உள் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் அரை மில்லிமீற்றர் வித்தியாசம் வந்துவிட்டால், இரண்டு அலைன்மென்ட் தாள்களையும் எடுத்துக்கொண்டு அதே கராஜுக்குத் திரும்பிப் போங்கள்.