ஆல்ப்ஸ் மேய்ச்சல் வெளிகளில் கிராவல் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆல்ப்ஸ் மலையில் கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதைகளில் ஓட்டும் அகல டயர் சைக்கிள்) ஓட்டத் திட்டம் போடுபவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு எண்களைத்தான், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம். இரண்டும் முக்கியம்தான். ஆனால் அந்தப் பாதையை யார், எதற்காகப் போட்டார்கள் என்று பார்க்காமல் கிளம்புவதுதான் முதல் தவறு என்பேன், மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் மலைமுகடுகளை ஒட்டிப் போகும் பழைய ராணுவச் சாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பீரங்கிகளும் கோவேறு கழுதைகளும் ஏற வேண்டும் என்று போட்டவை, அதனால் வளைந்து வளைந்து ஒரே சீராக ஏறும். 2005இல் ஜிரோ தித்தாலியா என்ற இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயம் முதல்முறையாக ஏறிய ஃபினெஸ்த்ரே கணவாய்கூட அப்படித்தான், சராசரி 9 சதவீதச் சரிவு, கடைசி 8 கிலோமீட்டர் மண் சாலை, ஆனாலும் பெரும்பாலும் ஒரே சீராகத்தான் ஏறும். மேலே போய்விட்டால் செஸ்த்ரியேரே பக்கம் அசியெத்தா சாலை 2,000 மீட்டருக்கு மேலேயே 30 கிலோமீட்டருக்கும் அதிகமாக நீள்கிறது.

மேய்ச்சல் வெளிக்குப் போகும் பண்ணைப் பாதை வேறு ரகம். டிராக்டர் ஏறினால் போதும் என்று போட்டது, 15, 18 சதவீதம் எல்லாம் அங்கே சாதாரணம். மண் பாதையின் நடுவே திடீரென்று கான்கிரீட் தெரிந்தால் நல்ல சாலை வந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், சரளை நிற்காமல் அடித்துப்போகும் அளவுக்குச் செங்குத்தான இடத்தில்தான் கான்கிரீட் போடுகிறார்கள். அணைக்கட்டுகளுக்குப் போகும் சாலைகள் பெரும்பாலும் நல்ல தரம், இத்தாலியின் போர்மியோவுக்கு மேலே கான்கானோ ஏரிகளைச் சுற்றும் பாதை அதற்கு நல்ல உதாரணம். சில அணைச் சாலைகளில் விளக்கில்லாத சுரங்கம் குறுக்கிடும், பகல் பயணம் என்று விளக்கை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இதிலிருந்து நேராக வருவது கியர் தவறு. முன்னால் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்தில் 42 பல் என்றால் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு சுமார் 8 கிலோமீட்டர். 15 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைத் தக்கவைப்பது என்றால் மணிக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள் என்று அர்த்தம். நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கே 800, 900 மீட்டர்தான் வரும், பையும் தண்ணீரும் சேர்ந்தால் அதுவும் குறையும். முடிவில் சுற்று 40க்கு விழும், முழங்கால் வலிக்கும், இறங்கித் தள்ளுவீர்கள். முன்னால் உள்ள பல்சக்கரத்தை 30 அல்லது 32 பல்லுக்கு மாற்றுங்கள், அல்லது பின்னால் மவுண்டன் பைக்கின் 50 பல் சக்கரத்தைப் போடுங்கள். சமதளத்தில் உச்ச வேகம் கொஞ்சம் போகும், போகட்டும்.

அப்புறம் வரைபடச் செயலிகள். பாதை வரைந்து கொடுக்கும் பெரும்பாலான செயலிகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, பொதுமக்களே சேர்ந்து வரையும் வரைபடத்தின் தரவை நம்பியே ஓடுகின்றன. அதில் பண்ணைப் பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் குறிக்க வழி உண்டு, 1 என்றால் கெட்டியான தளம், 5 என்றால் வெறும் புல்லும் மண்ணும். யாரும் குறிக்காமல் விட்ட பாதையும் திரையில் அதே கோடாகத்தான் தெரியும். சுவிட்சர்லாந்தின் வால் மோரா பள்ளத்தாக்கைப் பாருங்கள், சாந்தா மரியாவிலிருந்து 2,234 மீட்டர் உயர தோஸ் ரதோன்த் வரை ஏறி, அந்தப் பக்கம் அகலமான மேய்ச்சல் வெளியில் அருமையாக உருண்டு போகலாம், ஆனால் இத்தாலி எல்லையை நோக்கிப் போகப் போகப் பாதை சரிவின் மேல் ஒற்றையடியாகச் சுருங்கிவிடும். அழகான இடம், ஆனால் அதற்கு வேகம் வேறு, நேரக் கணக்கு வேறு. செயலி சொல்லும் நேரத்தை நம்பாமல் செயற்கைக்கோள் படத்தில் பாதையின் அகலத்தைப் பாருங்கள், சுவிட்சர்லாந்து என்றால் அந்நாட்டு அரசின் ஸ்விஸ்டோப்போ வரைபடத்தையும் திறந்து பாருங்கள், இரட்டைக் கோடா ஒற்றைப் புள்ளிக் கோடா என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

பாதை இருக்கிறது என்பதாலேயே அதில் சைக்கிள் ஓட்டலாம் என்று நினைப்பதும் பெரிய தவறு. ஆஸ்திரியாவின் 1975ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டில் யாரும் நடக்கலாம் என்கிறது, சைக்கிளுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். அகலமான, அருமையான காட்டுச் சாலை கண்ணெதிரே கிடக்கும், அதில் ஏறினால் சட்டப்படி தப்பு. அதனால்தான் டிரோல் போன்ற மாநிலங்களில் நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டுத் திறந்துவிட்ட சைக்கிள் பாதைகளுக்குத் தனிப் பலகை இருக்கும். அதைத் தேடிப் போங்கள், கார்வென்டெல் மலைக்குள் போகும் நல்ல வழிகள் அப்படிக் கிடைத்தவைதான். எல்லை தாண்டினால் விதி மாறும். சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள் சைக்கிளுக்கே இடமில்லை, வால் மோரா அந்தப் பூங்காவை ஒட்டியே போகிறது என்பதால் ஒரு திருப்பம் தவறினால் உள்ளே போய்விடும் வாய்ப்பு உண்டு. நமக்குச் சாதகமான விதிகளும் இருக்கின்றன. அசியெத்தா சாலையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதன், சனிக்கிழமைகளில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. இத்தாலியின் லிமோனேயிலிருந்து மோனேசி வரை போகும் பழைய உப்புப் பாதையில் செவ்வாய், வியாழன் அப்படி. அந்த வருட அறிவிப்பை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அந்த நாட்களிலேயே போங்கள், புழுதியைத் தின்னாமல் ஓட்டலாம்.

மாடுகள் விஷயத்தில் நிறைய பேர் அசட்டையாக இருக்கிறார்கள், எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சுமார் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த வெளி முழுக்க அவற்றின் வீடு. கன்றோடு இருக்கும் தாய்ப்பசு பால்பண்ணைப் பசுவைப் போல நடந்துகொள்ளாது. 2014இல் டிரோலின் பின்னிஸ் பள்ளத்தாக்கில் நாயோடு நடந்துபோன ஒரு பெண்ணைத் தாய்ப்பசுக்கள் தாக்கியதில் அவர் இறந்தார், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020இல் பொறுப்பு மாட்டின் உரிமையாளருக்கும் இறந்தவருக்கும் பாதிப் பாதி என்று முடிந்தது. சைக்கிளில் இன்னொரு சிக்கல், நாம் சத்தமில்லாமல் வேகமாக வருகிறோம். முதுகுப் பக்கத்திலிருந்து சரேலென்று வருவது எதுவானாலும் மாடு மிரளும். தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள், சாதாரணக் குரலில் ஏதாவது பேசுங்கள், பாதையை மறித்து நின்றால் இறங்கிப் பெரிதாகச் சுற்றிப் போங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் புகாதீர்கள். படம் எடுக்கக் கன்றின் பக்கத்தில் போவது, தொட்டுத் தடவுவது, தயவுசெய்து வேண்டாம்.

ஓநாய்கள் திரும்பி வந்திருக்கும் பகுதிகளில், குறிப்பாகப் பிரெஞ்சு, சுவிஸ், இத்தாலிய ஆல்ப்ஸில், ஆட்டு மந்தையோடு பெரிய வெள்ளை நிறக் காவல் நாய்கள் இருக்கும். அவை குரைத்துக்கொண்டு ஓடிவந்தால் மிதித்துத் தப்பிக்கப் பார்ப்பதுதான் மோசமான முடிவு, துரத்தலை நாமே தொடங்கி வைத்த மாதிரி. உடனே நில்லுங்கள், இறங்குங்கள், சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வையுங்கள், கத்தாமல் கல்லெடுக்காமல் காத்திருங்கள். நீங்கள் ஆபத்தில்லை என்று புரிந்ததும் அது அடங்கும், அப்புறம் மந்தையைச் சுற்றித் தள்ளிக்கொண்டே நடக்கலாம்.

வேலிக் கதவைத் திறந்தால் மூடுங்கள், மின்வேலிக் கம்பியைப் பிளாஸ்டிக் பிடியைப் பிடித்துக் கழற்றி அதே கொக்கியில் திரும்ப மாட்டுங்கள். ஒரு கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் ஒரு குடும்பத்துக்கு நாள் முழுக்க மாடு தேடும் வேலை.

இறக்கத்தில் செய்யும் தவறுகள் ஏற்றத்தைவிட ஆபத்தானவை. ஆயிரம் மீட்டர் இறக்கம் என்றால் பிரேக்கைப் பிடித்தபடியே இருக்கக் கூடாது, டிஸ்க் சூடேறிப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்துப் பிறகு முழுக்க விடுங்கள், இடையில் நின்று ஆறவிடுங்கள். மழைத் தண்ணீர் வடிய பாதைக்குக் குறுக்கே மரத்திலோ இரும்பிலோ காடி பதித்திருப்பார்கள், பெரும்பாலும் சாய்வாக. அதை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்ந்து போனால் முன்சக்கரம் சிக்கும். மாடு தாண்டாமல் இருக்கப் போட்ட கம்பித் தளமும் அப்படியே, மழையில் அதன் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. டயர் 45 மில்லிமீட்டராவது இருக்கட்டும், டியூப்லெஸ் என்றால் இன்னும் நல்லது.

பருவத்தையும் தப்பாகக் கணிக்கிறார்கள். பள்ளத்தாக்கில் பூ பூத்துவிட்டது என்று ஜூன் தொடக்கத்தில் 2,300 மீட்டர் கணவாய்க்குப் போனால் வடக்குச் சரிவில் பனி அப்படியே கிடக்கும். செப்டம்பர் அருமையான மாதம், ஆனால் மாடுகள் இறங்கிவிட்டால் மேலே உணவு தரும் குடில்கள் ஒவ்வொன்றாக மூடிவிடும், சாப்பாட்டைச் சுமந்து போக வேண்டும். திறந்திருந்தாலும் கார்டு வாங்காத இடங்கள் உண்டு, ரொக்கம் வைத்திருங்கள், சுவிட்சர்லாந்தில் அது பிராங்க். கோடையில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், ஆகவே காலையிலேயே கிளம்பிக் கணவாயை மதியத்துக்கு முன் தாண்டிவிடுங்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும், வியர்த்த உடம்போடு இறங்கும்போது அது எலும்பு வரை தெரியும். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையும் முழு விரல் கையுறையும் பையில் இருக்கட்டும்.

தண்ணீரை மாடு குடிக்கும் தொட்டியிலிருந்து மொள்ளாதீர்கள், குழாயிலிருந்து விழும் இடத்தில் பிடியுங்கள். குடிநீர் அல்ல என்று பலகை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மேலே மேய்ச்சல் இருக்கும் ஓடைத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க வேண்டாம்.

தனியாகப் போகிறீர்கள் என்றால் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குறுகிய பள்ளத்தாக்குகளில் சிக்னல் காணாமல் போகும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 112 எல்லா நாட்டிலும் வேலை செய்யும், சுவிட்சர்லாந்தில் ரேகா ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414, ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140. இந்த எண்களைச் சிக்னல் இருக்கும்போதே போனில் பதிந்து வையுங்கள்.