ஹெப்டன் பிரிட்ஜ் என்ற முகவரியில் மலைமேல் ஒரு வீடு

இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயரில் உள்ள கால்டர் பள்ளத்தாக்குக்குப் பணிக்கு வரும் நம்மவர்கள் பலர், விமானம் ஏறுமுன்பே இணையத்தில் பார்த்து வீட்டை உறுதி செய்துவிடுகிறார்கள். வாடகைக்குக் குடியேறும் உரிமையைக் காட்ட இ-விசாவின் பகிர்வுக் குறியீடு, அதாவது இணையத்தில் எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கும் குறியீடு, போதும். பத்து மாத அட்வான்ஸ் இங்கே கிடையாது. வைப்புத்தொகை பொதுவாக ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது, அதை 30 நாட்களுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ப்பது வீட்டுக்காரரின் கடமை. இவற்றில் யாரும் பெரிதாகச் சிக்குவதில்லை. சிக்கவைப்பது முகவரிதான்.

முகவரியின் கடைசியில் ஹெப்டன் பிரிட்ஜ் என்றும் எச்எக்ஸ்7 என்று தொடங்கும் அஞ்சல் குறியீடும் இருந்தால், வீடு அந்த நகரில்தான் இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். அது அஞ்சல் பிரிப்புக்கான நகரப் பெயர். மலைமேல் இருக்கும் ஹெப்டன்ஸ்டால் கிராமத்து வீடுகளுக்கும் அதே பெயர்தான் எழுதப்படுகிறது. முதியோர் இல்லப் பணிக்கு வந்த என் தோழி, ரயில் நிலையம் பக்கத்தில் என்ற தரகரின் விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டினார். லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் ரயில் போகும் அந்த நிலையம் பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றோரம் இருக்கிறது. வீடோ அதற்குச் சுமார் 150 மீட்டர் மேலே. திருச்சி மலைக்கோட்டையின் உயரமே 83 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இரவுப் பணி முடிந்து வருபவரின் நிலை புரியும். தெரிந்தே அதை மறைத்த தரகர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நகரின் பழைய கல்பாலத்தருகே தொடங்கும் பட்ரெஸ் என்னும் பாதைதான் குறுக்குவழி. பொதிக்குதிரைகள் ஏறிய, கல் பாவிய அந்தச் செங்குத்துப் பாதையில் பனி உறைந்த நாட்களில் கால் வைக்கவே கூடாது. சிறு பேருந்து மேலே வருகிறது; ஆனால் உங்கள் பணிநேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வண்டி உண்டா என்று அட்டவணையில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். காரில் நகரிலிருந்து வருவோர் ஏ646 சாலையிலிருந்து நேராக மேலே திரும்ப முடியாது, திருப்பம் அவ்வளவு கூர்மையானது; சற்றுத் தள்ளியுள்ள திருப்பு வட்டம் வரை போய்த் திரும்பி வர வேண்டும்.

கிராமத்தின்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. 1847இல் புயலில் சிதைந்த பழைய தேவாலயத்தின் கூரையற்ற சுவர்களும், அதே வளாகத்தில் பின்னர் எழுந்த புதிய தேவாலயமும், 1764இல் கட்டிய எண்கோண மெதடிஸ்ட் ஆலயமும், கைத்தறி நெசவாளர் வாழ்ந்த கருத்த கல்வீடுகளும் ஒரு விடுமுறை நாள் முழுவதும் நின்று பார்க்கத் தக்கவை. கவிஞர் சில்வியா பிளாத்தின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

வீடு பார்க்கும்போது பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் சமஉயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைப் பாருங்கள். அவை நெருங்கியிருந்தால் ஏற்றம் கடுமை என்று பொருள். கார் வாங்கிச் சமாளிக்கலாம் என்பவர்கள், இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமங்கள் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்களுக்கே செல்லும் என்பதையும், அவற்றை மாற்றித் தரமாட்டார்கள், எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் புதிதாக எழுதித் தேற வேண்டும் என்பதையும் கணக்கில் கொண்டு, வந்த முதல் மாதத்திலேயே ஓட்டப் பழகுவோருக்கான தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.