பில்லேயை இல்லேபே ஆக்கும் நிரல்

நமக்குக் ‘க’ பாஷை எப்படியோ, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பிக் லத்தீன் அப்படி. பெயரில் மட்டும்தான் லத்தீன். சொல்லின் முதல் உயிரெழுத்துக்கு முன்னால் நிற்கும் மெய்களைப் பிடுங்கி வாலில் ஒட்டி, ஏ, ஒய் என்ற இரண்டு எழுத்தைச் சேர்க்க வேண்டும். டர்பன், ‘அர்பன்டே’ ஆகும். உயிரில் தொடங்கினால் ‘வே’ மட்டும்: ‘ஆப்பிள்வே’. வீட்டில் ஆங்கிலமே புழங்கும், தென்னாப்பிரிக்க டர்பன் நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைப் பழக்க நல்ல பயிற்சி. முப்பது வரிக்குள் அடங்கிவிடும்.

முதலில் ஒற்றைச் சொல்லை மாற்றும் ஃபங்ஷன், அதாவது அந்த வேலையை மட்டும் செய்யும் நிரல் துண்டு. பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ‘ஸ்கூல்’ என்ற சொல்லில் எஸ், சி, எச் மூன்றும் 0, 1, 2ஆம் இடங்கள். முதல் உயிர் 3இல். 3 முதல் கடைசி வரை ஒரு துண்டு, அதன் பின்னால் முதல் மூன்றெழுத்து, அப்புறம் விகுதி: ‘ஊல்ஸ்கே’.

ஒய் இரட்டை வேடக்காரன். தொடக்கத்தில் வந்தால் மெய், மற்ற இடத்தில் உயிர் என்று வையுங்கள். இல்லையேல் ‘ஜிம்’மில் உயிரே அகப்படாது. ‘ஹ்ம்ம்’ போன்றதில் எப்படியும் அகப்படாது. அப்போது முதல் உயிரைத் தேடி எழுத்தெழுத்தாக நகரும் வைல் லூப் சொல்லின் எல்லையைத் தாண்டி, இல்லாத இடத்தைக் கேட்டதாக இண்டெக்ஸ் எரர் என்ற பிழை தரும். ஆகவே எழுத்தைப் பார்க்குமுன் நீளத்தைச் சரிபாருங்கள்.

க்யூவும் யுவும் சேர்ந்தே நகர வேண்டும் என்பது பாடப்புத்தக விதி: குவீன், ‘ஈன்க்வே’. மண்டேலா வளர்ந்த குனு கிராமத்தின் பெயரில் இந்த விதி சறுக்கும். அவ்வூரின் கோசா மொழியில் க்யூ ஒரு சொடுக்கொலி. அடுத்த யுதான் அங்கே உண்மையான உயிர். யுவுக்குப் பின்னால் இன்னோர் உயிர் இருந்தால் மட்டும் இரண்டையும் ஒன்றாக நகர்த்துங்கள்.

ஏற்கெனவே மாற்றிய சொல்லை மறுபடி மாற்றாதிருக்க, கடைசி இரண்டெழுத்தைப் பார்த்துத் தவிர்க்கச் சிலர் எழுதுவார்கள். வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் பிள்ளை என்ற குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலே ஏ, ஒய்யில்தான் முடிகிறது. பில்லே குடும்பம் முழுக்க மாறாமல் நிற்கும், ‘டுடே’யும் அப்படியே.

வாக்கியத்தை இடைவெளியில் மட்டும் வெட்டினால் காற்புள்ளி சொல்லோடு ஒட்டி நடுவில் மாட்டிக்கொள்ளும். எழுத்து எழுத்தாகச் சேர்த்து, எழுத்தல்லாதது வந்ததும் சேர்ந்த சொல்லை மாற்றுவதே மேல். லூப் முடிந்த பிறகும் ஒருமுறை மாற்றுங்கள். மறந்தால் புள்ளியில்லாத வாக்கியத்தின் கடைசிச் சொல் காணாமல் போகும். ‘டோன்ட்’டின் மேற்குறியை எழுத்தாகவே கணக்கிடுங்கள். கைப்பேசி தட்டும் வளைந்த குறி வேறு குறியீடு, அதையும் சேர்க்க வேண்டும். பெரிய எழுத்தில் தொடங்கிய சொல்லை முதலில் சிறியதாக்கி, மாற்றி, முடிவில் முதலெழுத்தைப் பெரியதாக்கினால் ‘இல்லேபே’ ஒழுங்காக வரும்.

திருப்பி மொழிபெயர்க்கவும் ஆசையா? ‘ஊல்ஸ்கே’யில் நகர்ந்தது எஸ், சி, எச்சா, எல்லும் சேர்ந்தா என்று நிரலுக்குத் தெரியாது. நகர்த்திய மெய்களுக்கு முன் ஓர் இணைகோடு போட்டு வையுங்கள்.