சைக்காலஜிஸ்ட் ஆகறதுக்கு பிஜி ட்ரெயினிங்: கோர்ஸ் பேரை விட சூப்பர்விஷனைப் பாருங்க

சைக்காலஜில டிகிரி முடிச்சிட்டு அடுத்து பிஜி பண்ணி ப்ராக்டிஸ்ல இறங்கலாம்னு இருக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த யூனிவர்சிட்டி பெஸ்ட்"ன்னுதான். நானும் அதைத்தான் கேட்டேன். இப்ப ட்ரெயினிங் முடிச்சு, தனியா ஆட்களைப் பாக்க ஆரம்பிச்சு, எனக்குக் கீழ ட்ரெய்னீஸ் வந்து உக்கார்ற நிலைக்கு வந்ததுக்கப்புறம் சொல்றேன், கேக்க வேண்டிய கேள்வி அது இல்ல. நான் ஒரு கிளையண்ட் கூட உக்காந்து பேசறதை யாரு பாப்பாங்க, எத்தனை தடவை பாப்பாங்க, பாத்துட்டு எனக்கு என்ன சொல்லித் தருவாங்க? இதைத்தான் சூப்பர்விஷன்னு சொல்றோம். இதுக்கு நேரா பதில் சொல்ற கோர்ஸ்தான் உங்களை சைக்காலஜிஸ்ட் ஆக்கும். லைப்ரரி, ரேங்கிங், கட்டடம் எல்லாம் அப்புறம்.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதை யாரும் ஒழுங்கா செய்யறதில்ல. கடைசிலேந்து முன்னாடி வாங்க. அதாவது எந்த நாட்டுல ப்ராக்டிஸ் பண்ணப் போறோம்னு முடிவு பண்ணி, அங்க யாரு லைசென்ஸ் குடுக்கறாங்கன்னு கண்டுபிடிச்சு, அவங்க ஏத்துக்கற கோர்ஸ் லிஸ்ட்டை எடுத்து, அந்த லிஸ்ட்ல இருக்கற கோர்ஸுக்கு மட்டும் அப்ளை பண்ணுங்க. ஏன்னா ஒரே "மாஸ்டர்ஸ் இன் சைக்காலஜி"ங்கற பேருக்கு ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு மதிப்பு. அமெரிக்கால பெரும்பாலான மாநிலங்கள்ல டாக்டரேட் இல்லாம சைக்காலஜிஸ்ட்னு தனியா ப்ராக்டிஸ் பண்ண முடியாது, அதுல ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்பும் இருக்கும், அப்புறம் இபிபிபின்னு 225 கேள்வி இருக்கற லைசென்ஸ் பரீட்சையும் இருக்கு. பிரிட்டன்ல கிளினிக்கல் சைக்காலஜிக்கு மூணு வருஷ டாக்டரேட், பெரும்பாலான சீட்டுக்கு அந்த நாட்டு அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் சம்பளமே குடுக்குது, முடிச்சதும் எச்சிபிசிங்கற கவுன்சில்ல ரெஜிஸ்டர் பண்ணணும். ஆஸ்திரேலியால நாலு வருஷ அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு மேல ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ், இல்லன்னா அஞ்சாவது வருஷம் ஒரு மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு ஒரு வருஷ இன்டர்ன்ஷிப். நாலு வருஷ படிப்பு, ரெண்டு வருஷ இன்டர்ன்ஷிப்ங்கற பழைய நாலு பிளஸ் ரெண்டு பாதையை 2022ல புதுசா வர்றவங்களுக்கு மூடிட்டாங்க. ஐரோப்பால யூரோசைன்னு ஒரு சர்டிபிகேட், அஞ்சு வருஷ படிப்பு பிளஸ் ஒரு வருஷம் சூப்பர்விஷனோட ப்ராக்டிஸ்.

இந்தியால கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு ப்ராக்டிஸ் பண்ண ஆர்சிஐங்கற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு வேணும், வெறும் எம்ஏவோ எம்எஸ்சியோ முடிச்சா மட்டும் அது வராது. இத்தனை நாளா ரெண்டு வருஷ முழுநேர எம்ஃபில்தான் முக்கியமான வழியா இருந்துச்சு, 2017 மனநலச் சட்டத்துலயும் அதைப் பத்தி எழுதியிருக்கு. ஆனா 2022 யுஜிசி விதிகள் எம்ஃபில்லையே நிறுத்திடுச்சு, கிளினிக்கல் சைக்காலஜி மாதிரி ஒண்ணு ரெண்டு படிப்புக்கு மட்டும் அப்புறமா நீட்டிப்பு குடுத்தாங்க, இப்ப வேற படிப்புகள் அந்த இடத்துக்கு வந்துட்டிருக்கு. அதனால சீனியர் அஞ்சு வருஷம் முன்னாடி போன ரூட்டை அப்படியே நம்பி ஃபீஸ் கட்டிடாதீங்க. நீங்க சேர்ற வருஷத்துக்கு உண்டான லிஸ்ட்டை அந்த கவுன்சிலோட சைட்லயே பாருங்க. ரெண்டு வருஷமும் சேத்து வெச்ச காசும் போனதுக்கப்புறம் "இந்த டிகிரிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது"ன்னு கேக்கறவங்களை நான் பாத்திருக்கேன், மனசு தாங்காது.

அமெரிக்கா பக்கம் போறவங்களுக்கு பிஎச்டியா டாக்டர் ஆஃப் சைக்காலஜியாங்கற குழப்பம் வரும். 1949ல கொலராடோல போல்டர்ங்கற ஊர்ல ஒரு மாநாடு நடந்துச்சு, அங்கதான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆராய்ச்சியும் தெரியணும் சிகிச்சையும் தெரியணும்னு முடிவு பண்ணாங்க. பிஎச்டி இன்னிக்கும் அந்த வழிதான். 1973ல அதே மாநிலத்துல வெய்ல்ல நடந்த மாநாட்டுக்கப்புறம்தான் சிகிச்சைக்கு அதிக இடம் குடுக்கற டாக்டர் ஆஃப் சைக்காலஜிக்கு பரவலா அங்கீகாரம் கிடைச்சுது. ரெண்டுலயும் லைசென்ஸ் வரும். காசு விஷயம்தான் பெரிய வித்தியாசம், பிஎச்டிக்கு நிறைய இடத்துல ஃபண்டிங் கிடைக்கும், இன்னொண்ணுக்கு பெரும்பாலும் கைக்காசு இல்லன்னா கடன். கடன் வாங்கறதா இருந்தா முடிச்சதும் முதல் வேலைல என்ன சம்பளம் வரும்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அப்ளிகேஷனுக்கு முன்னாடி கொஞ்சமாவது ஆட்களோட இருந்த அனுபவம் வேணும். ஹெல்ப்லைன், ஸ்பெஷல் ஸ்கூல், முதியோர் இல்லம், டீஅடிக்ஷன் சென்டர், எதுவா இருந்தாலும் சரி. எத்தனை மாசம்ங்கறதை விட அங்க என்ன கவனிச்சீங்கங்கறதுதான் இன்டர்வியூல நிக்கும். "எனக்கு மத்தவங்களுக்கு உதவி பண்ண பிடிக்கும்"னு நூத்துக்கு தொண்ணூறு பேர் எழுதுவாங்க. அதுக்கு பதிலா ஒரே ஒரு சம்பவம் எழுதுங்க, நீங்க என்ன பண்ணீங்க, அது ஏன் சரியா வரல, அடுத்த தடவை என்ன மாத்தினீங்க. தப்பைப் பத்தி நிதானமா பேசத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் சொல்லிக் குடுக்க முடியும், பேனல்ல உக்காந்திருக்கறவங்க தேடறது அதைத்தான்.

கோர்ஸை நீங்களும் இன்டர்வியூ பண்ணுங்க. தயங்காம கேளுங்க. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனியா சூப்பர்விஷன், குரூப்ல எத்தனை? சூப்பர்வைசர் நேர்லயோ ரெக்கார்டிங்லயோ செஷனைப் பாப்பாங்களா, இல்ல நாம வாயால சொல்றதை மட்டும் கேப்பாங்களா? பிளேஸ்மெண்ட்டை, அதாவது படிக்கும்போதே ஒரு இடத்துல கிளையண்ட்ஸைப் பாத்து ட்ரெயினிங் எடுக்கறதை, டிபார்ட்மெண்ட் ஏற்பாடு பண்ணுமா, இல்ல நாமளே தேடி அலையணுமா? குழந்தைகள், பெரியவங்க, முதியவங்க, ஹாஸ்பிடல் வார்டு, எல்லாம் கிடைக்குமா? பாதில விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேர், ஏன்? கடைசி கேள்விக்கு சீனியர்ஸ் கிட்ட தனியா பேசினாத்தான் பதில் கிடைக்கும். சூப்பர்விஷன் பத்தி கேட்டதும் "அதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்"னு மழுப்பினா, எவ்வளவு பெரிய பேர் இருந்தாலும் நான் அங்க சேர மாட்டேன்.

சேந்ததும் முதல்ல டெஸ்டிங் வரும். வெக்ஸ்லர் மாதிரி அறிவுத்திறன் டெஸ்டை எல்லாரும் மேனுவலை மனப்பாடம் பண்ணா போதும்னு நினைக்கறாங்க. எனக்கு என் சூப்பர்வைசர் காட்டிக் குடுத்த ஒரு விஷயம் சொல்றேன். சரியான பதில் வரும்போது என் பேனா உடனே எழுதுச்சு, தப்பான பதில் வந்தா ஒரு செகண்ட் நின்னு அப்புறம் எழுதுச்சு. எதிர்ல இருந்தவர் நாலாவது கேள்விக்குள்ள அதைப் பிடிச்சிட்டார், பேனா நின்னா பதிலை மாத்த ஆரம்பிச்சார். டெஸ்ட்டோட நம்பருக்கு அர்த்தம் வர்றதே எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்தறதாலதான், நம்ம கை அதைக் கெடுத்துடும். அதனால கிளாஸ்மேட்ஸை வெச்சு குறைஞ்சது பத்து தடவை ப்ராக்டிஸ் பண்ணுங்க, மூணாவது ஆள் ஒருத்தர் உங்க முகத்தையும் கையையும் மட்டும் பாக்கட்டும். சொன்ன வார்த்தையை சொன்னபடியே எழுதுங்க, சுருக்காதீங்க.

அப்புறம் பிளேஸ்மெண்ட். இங்கதான் நிஜமான படிப்பு. செஷனை ரெக்கார்ட் பண்றது புதுசு இல்ல, 1940கள்லயே கார்ல் ராஜர்ஸ்ங்கற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் பண்ணி, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ட்ரெய்னீஸுக்கு சொல்லிக் குடுத்தார். எழுத்துல சம்மதம் வாங்கணும், பேர் இல்லாம வெக்கணும், சொன்ன நாள்ல அழிக்கணும், இந்த மூணுல எதையும் விடாதீங்க.

என் ரெண்டாவது கிளையண்ட், அடையாளம் தெரியாம இருக்க விஷயத்தை மாத்திதான் சொல்றேன், பேச்சுவாக்குல "அதுக்கப்புறம் நான் அந்த ரூமுக்கே போறதில்ல"ன்னு சொன்னாங்க. ஒரு நாலு செகண்ட் சைலன்ஸ். நான் உடனே "தூக்கம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன், ஏன்னா என் மடியில இருந்த ஃபார்ம்ல அடுத்த கேள்வி தூக்கம். அப்புறம் சூப்பர்விஷன்ல அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டப்ப, சூப்பர்வைசர் அங்க டேப்பை நிறுத்தினாங்க. "எந்த ரூம்?"னாங்க. எனக்குத் தெரியல. நாப்பத்தஞ்சு நிமிஷம் பேசியிருக்கேன், அவங்க சொல்ல வந்த ஒரே விஷயம் எனக்குத் தெரியல. திட்டல, அடுத்த வாரம் என்ன கேக்கலாம்னு ரெண்டு பேரும் யோசிச்சோம், நான் போய் "போன வாரம் ஒரு ரூம் பத்தி சொன்னீங்க, நான் அதைக் கேக்காம விட்டுட்டேன்"னேன். அன்னிக்குத்தான் அவங்க அழுதாங்க. அதுலேந்து நான் சூப்பர்விஷனுக்கு எடுத்துட்டுப் போனது எல்லாம் என்னோட மோசமான அஞ்சு நிமிஷங்களைத்தான். நல்லா போன செஷனைப் போட்டுக் காட்டி பாராட்டு வாங்கறவங்க மூணு வருஷம் கழிச்சும் அதே இடத்துல நிப்பாங்க, தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க.

கேஸ் எழுதும்போது டயக்னோசிஸ் பேரோட நிறுத்திடாதீங்க. இப்ப என்ன கஷ்டம், இவங்களுக்கு இது வர்றதுக்கு இடம் குடுக்கற மாதிரி முன்னாடியே என்ன இருந்துச்சு, எது கிளப்பி விட்டுச்சு, எது இன்னும் போக விடாம வெச்சிருக்கு, எது இவங்களைத் தாங்கிப் பிடிக்குது, இந்த அஞ்சையும் சாதாரண வார்த்தைல எழுதிப் பாருங்க. சிகிச்சைக்கு கதவு பெரும்பாலும் நாலாவதுலதான் இருக்கும். பானிக் வர்றவர் கூட்டமான இடத்துக்குப் போறதையே நிறுத்திட்டா உடனே நிம்மதி கிடைக்குது, அந்த நிம்மதியே அடுத்த தடவையும் போக விடாம பண்ணுது. அதை கிளையண்ட்டே தலையாட்டி "ஆமா, இதேதான்"னு சொல்ற மாதிரி உங்களால சொல்ல முடிஞ்சா ஃபார்முலேஷன், அதாவது கஷ்டம் எப்படி வந்து எப்படி நிக்குதுங்கற விளக்கம், வந்துடுச்சுன்னு அர்த்தம்.

தற்கொலை எண்ணம் பத்தி நேரா கேக்கப் பழகுங்க. மனச்சோர்வை அளக்கற பிஎச்க்யூ ஒன்பதுங்கற ஃபார்ம்ல ஒன்பதாவது கேள்வி அதுதான், அங்க டிக் இருக்கறதைப் பாத்துட்டும் பேசாம ஃபைல்ல வெக்கற ட்ரெய்னீ உண்டு, பயம்தான் காரணம். கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்சிடுவோம்னு ஒரு பயம், ஆராய்ச்சிகள் அப்படிக் காட்டல. "சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா, அதுக்கான பொருள் கைல இருக்கா"ன்னு கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமா சொல்லிப் பழகுங்க, வாய் குழறாம வர்ற வரைக்கும். ஆமான்னு பதில் வந்தா அந்த ஆளை அனுப்பறதுக்கு முன்னாடியே சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க, ராத்திரி மெயில் அனுப்பலாம்னு வெக்காதீங்க. ரகசியத்துக்கு எல்லை உண்டுன்னு முதல் செஷன்லயே சொல்லியிருக்கணும். 1976ல கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட்ல டாராசாஃப் தீர்ப்பு வந்ததுலேந்து, கிளையண்ட்டால அடுத்தவங்க உயிருக்கு ஆபத்துன்னா என்ன பண்ணணும்ங்கறது எல்லா எத்திக்ஸ் கிளாஸ்லயும் வர்ற பாடம், ஆனா சட்டம் இடத்துக்கு இடம் மாறும், உங்க இடத்து சட்டத்தைப் படிச்சு வெச்சுக்குங்க.

தீசிஸ் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. சின்னதா எடுங்க, பிளேஸ்மெண்ட்ல வர்ற ஆட்களை வெச்சே பண்ண முடியற கேள்வியா இருக்கட்டும், எத்திக்ஸ் கமிட்டிக்கு முதல் செமஸ்டர்லயே அனுப்புங்க, அங்கதான் மாசக்கணக்குல மாட்டிக்கும்.

எத்தனை மணி நேரம் ட்ரெயினிங் பண்ணோம்னு கணக்கு எழுதற லாக் புக்கை அன்னன்னிக்கே எழுதுங்க, ஒவ்வொரு மாசமும் கையெழுத்து வாங்கி ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல வெச்சுக்குங்க. நான் ஒரு பிளேஸ்மெண்ட்ல கடைசில மொத்தமா வாங்கிக்கலாம்னு விட்டேன், சூப்பர்வைசர் நடுவுல வேலையை விட்டுப் போயிட்டாங்க, அந்த இடத்துல யாரும் பொறுப்பு எடுத்துக்கல, மூணு மாச மணி நேரத்தை நிரூபிக்க அரை வருஷம் அலைஞ்சேன்.

உங்களையும் பாத்துக்குங்க. நாலு பேரோட துக்கத்தைக் கேட்டுட்டு வந்து ராத்திரி ரிப்போர்ட் எழுதறது உடம்புல தெரியும். ஒரு கிளையண்ட்டைப் பாத்தாலே எரிச்சல் வருது, இல்ல ஒருத்தரைப் பத்தி மட்டும் லீவ் நாள்லயும் நினைப்பு வருதுன்னா, அதை சூப்பர்விஷன்ல சொல்லுங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. முடிஞ்சா நீங்களே ஒரு தெரபிஸ்ட்கிட்ட போங்க. எதிர் நாற்காலில உக்காந்து முதல் வார்த்தை வாயில வராம தவிக்கறது எப்படி இருக்கும்னு அங்கதான் புரியும்.

கடைசியா ஒண்ணு, இதை எனக்கு யாரும் முன்னாடியே சொல்லல. பிளேஸ்மெண்ட் ஆறு மாசத்துல முடிஞ்சிடும், கிளையண்ட்டோட கஷ்டம் அதுக்குள்ள முடியாம இருக்கலாம். அதனால முதல் நாளே "நான் ட்ரெய்னிங்ல இருக்கேன், இந்த மாசம் வரைக்கும்தான் இங்க இருப்பேன், எனக்கு ஒரு சூப்பர்வைசர் இருக்காங்க"ன்னு சொல்லிடுங்க. முடியறதுக்கு நாலு செஷன் முன்னாடி மறுபடியும் ஞாபகப்படுத்துங்க, அடுத்து யாரு பாப்பாங்கன்னு பேரோட சொல்லுங்க, முடிஞ்சா அவங்களை ஒரு செஷனுக்கு கூட உக்கார வெச்சு அறிமுகப்படுத்துங்க. கடைசி செஷன்ல கிளையண்ட் வரலன்னா சும்மா விட்டுடாதீங்க, ஃபோன் பண்ணி இன்னொரு நேரம் குடுங்க.